ஒரு தரம் அடித்தால் வலையைத் தூக்கு

காலை ஒன்பது மணி நாற்பது. மடிக்கணினியின் திரையில் முதலில் தெரிந்தது வெறுமையான ஒரு நீள்சதுரப் பெட்டி. அதன் தலையில் ‘உங்கள் சேவைகளை இங்கே விவரியுங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பெட்டியின் இடது மூலையில் ஒரு சிறு கோடு தோன்றித் தோன்றி மறைந்தது.

நான் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். விவரிக்கச் சொன்னால் விவரிப்பேன். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் வெட்டப்படும் நாளில் வலை வைத்திருப்போருக்குத் தொலைபேசியில் முன்னறிவிப்புக் கொடுக்கும் சேவை இது என்று முதல் வாக்கியம் எழுதினேன். யாருக்கு, எப்போது, ஏன் என்பவற்றை அடுத்த மூன்று வாக்கியங்களில் வைத்தேன். பொத்தானை அழுத்தினேன். முதலாம் வரியில் பிழை என்று சிவப்பில் வந்தது. திரும்ப வாசித்தேன். பிழை எதுவும் தெரியவில்லை. ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். முதலாம் வரியில் பிழை.

மெல்பேர்ணில் இருக்கும் மருமகளை, என் தங்கையின் மகளை, அழைத்தேன். அந்தச் செயலியை எழுதியவள் அவள்தான்.

“மாமா, கட்டுரையா எழுதினீங்க?”

“விவரிக்கச் சொல்லித்தானே கிடக்கு.”

“ஐயோ, அது அப்படியில்ல மாமா. என்னென்ன ஓடணும், ஒவ்வொண்டுக்கும் என்ன வேணும், அவ்வளவுதான். பேர் போடுங்க, முக்காற்புள்ளி போடுங்க, பெறுமதியைப் போடுங்க. மற்றதெல்லாம் அது பாத்துக்கொள்ளும்.”

பின்னால் குழந்தை அழுதது. பிறந்து ஐந்து வாரம். செயலி இதுவரை ஓடிக்கொண்டிருந்த இடம் அந்த மாதத்தோடு மூடப்படுவதாக அவளுக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. வேறொரு தளத்துக்கு மாற்ற வேண்டும். அவளுக்கு நேரமில்லை. “நீங்கதானே காலமெல்லாம் மற்றவங்க எழுதினதைத் திருத்தினீங்க, ஒரு பக்கம் எழுத ஏலாதா?” என்று கேட்டாள். ஏலும் என்று சொல்லிவிட்டேன்.

செயலி செய்யும் வேலை சின்னது. மாரி மழையில் வாவி நிரம்பி, வெள்ளம் படுவான்கரை வயல்களில் ஏறத் தொடங்கினால், வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல் மேட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். அதைத்தான் முகத்துவாரம் வெட்டுவது என்கிறோம். வெட்டிய கையோடு நீர் இழுக்கும் இழுப்பில், ஒடுங்கிய இடங்களில் கம்பு நட்டுக் கட்டியிருக்கும் இறால் வலைகள் கம்போடு கடலுக்குப் போய்விடும். எனவே வெட்டுமுன் தூக்க வேண்டும். சும்மா தூக்கவும் முடியாது. தூக்கிய வலையைத் திரும்பக் கட்ட ஒரு நாள் போகும், இறால் ஓடும் நாட்களோ கொஞ்சம்.

முன்பு இதற்கு இரண்டு தோணிகள் போகும். சூரியன் உதிக்கும் பக்கமான எழுவான்கரையை ஒட்டி ஒன்று, மேற்கே படுவான்கரையை ஒட்டி ஒன்று. ஒரு வெடி கொளுத்தினால் வெட்டப் போகிறார்கள், வலையைத் தூக்கு. இரண்டு வெடி என்றால் வெட்டு தள்ளிப் போயிற்று, வலை கிடக்கட்டும். போர்க் காலத்தில் வாவியில் வெடி கொளுத்த முடியாமல் போனது. பிறகு கைத்தொலைபேசி வந்தபோது மீனவர் சங்கத்தார் அந்தக் கணக்கையே அதற்குள் கொண்டுபோனார்கள். ஒரு தரம் அடித்து நின்றால் தூக்கு. இரண்டு தரம் அடித்தால் விடு. இப்படி அடித்து நிறுத்துவதை எங்கள் பக்கம் ரிங் கட் என்போம். குறுஞ்செய்தி அனுப்பலாமே என்று மருமகள் ஒருமுறை கேட்டாள். தண்ணீரில் நிற்பவர்கள் போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், ஈரக் கையோடு பையைப் பிரித்து யார் வாசிப்பது என்று சங்கத்திடமிருந்து பதில் வந்தது. எண்ணினால் போதும்.

அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் வீடு. மாடி ஜன்னலில் நின்றால் மணல் மேடு தெரியும்.

சங்கத்தின் செயலாளர் ஆரையம்பதிப் பெண், நாற்பது வயதிருக்கும். தம்பியும் அவளுமாக ஐந்து வலை வைத்திருந்தார்கள். ஐந்தும் முகத்துவாரத்துக்குக் கிட்ட, நீர் முதலில் இழுக்கும் ஒடுக்கத்தில். அந்த வருடம் ஐந்தையும் புதிதாகப் பின்னிக் கட்டியிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டுக்கு இறால் கொண்டுவருவாள். பெட்டிக்கு முன் நான் மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தபோது வந்து, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணன், சோதினைக்குப் படிக்கிறீங்களா?”

“உங்கட ரிங் கட்டுக்குத்தான் புள்ள, புது இடம் தேடுறன்.”

எந்த நகரத்தில் ஓட வேண்டும் என்று தளம் கேட்டிருந்தது. பட்டியலில் கொழும்பு இல்லை. நான் சிங்கப்பூரைத் தெரிவு செய்திருந்தேன்.

“சிங்கப்பூரில இருந்தா எனக்கு அடிக்கப் போறாங்க?”

“ஓம்.”

“அங்க நிண்டு பாத்தா இஞ்சத்தை வெள்ளம் தெரியுமா அண்ணன்?”

“வெள்ளத்தை நான்தான் பாக்கணும். பாத்துச் சிங்கப்பூருக்குச் சொல்லணும். அது உனக்கு அடிக்கும்.”

“வீட்டில இருந்து கூப்பிட்டாக் கேக்கிற தூரம். சிங்கப்பூர் சுத்தி வருதாமே.” இறாலை அளந்து போட்டாள். “சுத்தி வரட்டும். ஒண்டு எண்டா ஒண்டு, ரெண்டு எண்டா ரெண்டு. அதுதான் எனக்கு வேணும். என்ட அஞ்சு வலையும் உங்கட விரலிலதான் கிடக்கு, சொல்லிட்டன்.”

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கோப்பு மெல்ல உருவானது. அதில் மூன்று சேவைகள். ஒன்று, நான் அழுத்தும் பொத்தான் இருக்கும் பக்கம்; ஓர் அழுத்தலுக்கு ஒரு ரிங் கட். இரண்டு, இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடிக்கும் வேலையாள். மருமகள் அதை அப்படித்தான் சொன்னாள், வேலையாள் என்று. மூன்று, இலக்கங்கள் கிடக்கும் தரவுத்தளம். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய வரிகள். எழுத்துப்பிழைக்கு அந்தத் தளம் ஒன்றும் சொல்லவில்லை. வரியின் தொடக்கத்தில் எத்தனை வெற்றிடம் விட்டிருக்கிறேன் என்பதற்கு மட்டும் கோபித்தது. பத்திரிகையில் இருந்த காலம் முழுவதும் நான் வெற்றிடங்களை எண்ணியதில்லை.

தரவுத்தளத்தின் முகவரியை ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்து எழுதினேன். அது தேவையில்லை, வேலையாளோடு தரவுத்தளத்தைக் கோப்பில் இணைத்துவிட்டால் முகவரியைத் தளமே கொடுக்கும் என்றாள்.

“அப்ப நான் எழுதின முகவரி?”

“அதுக்கு மேல இது எழுதும்.”

“என்ட முகவரி சரிதானே?”

“சரிதான் மாமா. ஆனா பாவிக்காது.”

சரியாக இருப்பது ஏன் பாவிக்கப்படாது என்று எனக்கு விளங்கவில்லை. அழித்துவிட்டேன்.

வேலையாளின் கீழ் இன்னொரு வரி இருந்தது. எத்தனை ஓட வேண்டும் என்பது கேள்வி. எதிரே 1 என்று தளமே இட்டிருந்தது. அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வலைகள் இருக்கும் வாவிக்கு ஒரே ஒரு வேலையாள் என்பது சரியாகப் படவில்லை. தோணி போன காலத்தில்கூட ஒன்றை மட்டும் அனுப்பியதில்லை. எழுவான்கரைக்கு ஒன்று, படுவான்கரைக்கு ஒன்று. ஒன்று கவிழ்ந்தாலும் மற்றக் கரைக்காவது செய்தி போகும். 1ஐ அழித்து 2 என்று எழுதினேன். அன்று நான் செய்தவற்றில் எனக்கு முழுமையாக விளங்கிச் செய்தது அது ஒன்றுதான்.

மருமகளிடமும் சொன்னேன். “எண்ணிக்கையை ரெண்டாக்கியிருக்கன்.”

“நல்லது மாமா. ஒண்டு விழுந்தா மற்றது நிக்கும்,” என்றாள். பொத்தான் இருக்கும் பக்கத்தைச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் வேலையாளைச் சொன்னேன். குழந்தை மறுபடி அழுதது.

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு மூன்று சேவைகளுக்கும் எதிரே பச்சைப் புள்ளி வந்தது. என் இலக்கத்தை மட்டும் பட்டியலில் வைத்துப் பரிசோதித்தேன். பொத்தானை அழுத்தியபோது பக்கம் அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். போன் அடுத்த அறையில் மின்னேற்றியில் கிடந்தது. போய்ப் பார்த்தபோது இரண்டு ரிங் கட் இருந்தன. இரண்டு தரம் அழுத்தினேன், இரண்டு வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். முதல் அழுத்தல் தளத்துக்குப் போய்ச் சேரவேயில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நிருபர் ஒருவர் ஒரே ஒரு சாட்சியை வைத்துச் செய்தி எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியவன் நான்.

பதினொரு நாள் கழித்து, இரவு முழுதும் பெய்து வெளுத்த காலையில், ஆறு மணி இருபதுக்கு மாடி ஜன்னலில் இருந்து மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் மஞ்சள் கை தெரிந்தது. குடையோடு இறங்கிப் போனேன். கரடியனாற்றுப் பக்கம் வயல்கள் மூழ்கிவிட்டன, வெட்டத்தான் வேண்டும் என்றார் அங்கு நின்ற உத்தியோகத்தர். கடைசி மண்ணை எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு மணிக்கு முன் இல்லை என்றார். திரும்பி வந்து ஏழு மணி ஐந்துக்குப் பொத்தானை ஒரு தரம் அழுத்தினேன். பக்கம் உடனே பதில் தந்தது.

நடப்பதைத் தளம் வரிவரியாகக் காட்டியது. ஒவ்வொரு வரியிலும் ஓர் இலக்கம், அடித்த நேரம், எந்த வேலையாள் அடித்தது என்பதற்கு ஒரு குறி. இரண்டு குறிகளும் மாறி மாறி வந்தன. இரண்டு தோணிகளும் போகின்றன என்று நினைத்தேன். ஒவ்வொரு இலக்கமும் இரண்டு குறிகளோடும் வந்ததைக் கண்டேன். கண்டும், அதன் பொருள் என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

எட்டரை மணிக்கு மாடியில் நின்று பார்த்தேன். ஒடுக்கத்தில் ஒரு தோணியும் இல்லை. வலைக் கம்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கம்பிலும் ஒரு நீர்க்காகம். ஒன்பது மணிக்கும் அப்படியே. செயலாளரை அழைத்தேன். செயலி அடிக்கும்போதும் என் இலக்கமே தெரிவதால், ரிங் கட் என்று நினைத்து எடுக்காமல் விட்டாள். விடாமல் அடித்தேன். எடுத்தாள்.

“என்ன அண்ணன்?”

“ஏன் புள்ள இன்னும் வலை தூக்கயில்ல?”

“ஏன் தூக்க? ரெண்டு அடிச்சதே.”

“ஒண்டுதான் நான் அடிச்சது.”

“இஞ்ச பாருங்க, எனக்கு ரெண்டு. தம்பிக்கு ரெண்டு. பக்கத்து வீட்டுக்கும் ரெண்டு. தள்ளிப் போட்டாச்சு எண்டு எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுட்டுப் படுத்திட்டாங்க.” பின்னால் தம்பியின் குரல் கேட்டது: “என்னகா, வெட்டுறாங்களா இல்லையா?” அவள் போனை விலக்காமலே, “பேப்பர் அண்ணனுக்கே தெரியாதாம்டா” என்றாள்.

அப்போதுதான் அந்த 2 நினைவுக்கு வந்தது. கரைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும்படி நான் கோப்பில் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. இரண்டு வேலையாட்களும் இரண்டு கரைக்கும் அடித்திருக்கிறார்கள்.

“வெட்டுறாங்க. ரெண்டு மணிக்கு. நான் இப்ப திருத்தி ஒருக்கா அடிக்கிறன்.”

“ஒருக்கா அடிச்சா மூண்டாகுமே அண்ணன். மூண்டுக்கு என்ன?”

மூன்றுக்கு எதுவும் இல்லை. வெடிக் காலத்திலும் இருந்ததில்லை.

கோப்பைத் திறந்து 2ஐ 1 ஆக்கிச் சேமித்தேன். மாற்றம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சையில் வந்தது. ஒன்பது மணி பதினெட்டுக்குப் பொத்தானை அழுத்தினேன். வரிகளில் இப்போது மூன்று குறிகள் வந்தன. இரண்டைக் குறைத்து ஒன்றாக்கினால் மூன்று எப்படி வரும் என்று தாளில் எழுதிப் பார்த்தேன். மெல்பேர்ணுக்கு அழைத்தேன்.

“மாமா, மாத்தினா அது முதல்ல புதுசைத் தொடங்கும். அது சரியா நிண்ட பிறகுதான் பழசுகளை நிப்பாட்டும். சேவை அறாம இருக்கிறதுக்கு. கொஞ்ச நேரம் மூண்டும் ஓடும்.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மூண்டு நிமிஷம். நீங்க அதுக்குள்ள அழுத்தயில்லைத்தானே?”

வரிகளை மேலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

பட்டியலின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு மேலும் மூன்று போயிருந்தது. பழையவை ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வந்ததால், நடுவில் இருந்தவர்களுக்கு இரண்டு. கடைசியில் இருந்தவர்களுக்கு ஒன்று. காலையில் வந்த இரண்டோடு சேர்த்தால் சிலருக்கு ஐந்து, சிலருக்கு நான்கு, சிலருக்கு மூன்று. ஐந்து வந்த ஒருவர் என்னை அழைத்து, வீட்டில் யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டார். நான்கு வந்த இன்னொருவர், ‘இரண்டு’ இரண்டு தரம் வந்திருக்கிறது, ஆகவே உறுதியாகத் தள்ளிப் போயிற்று என்று விளங்கிக்கொண்டதாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஓர் ஒழுங்கு இருந்தது. வெட்டுகிறார்கள், தூக்குங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். பட்டியலில் இருந்த மற்றவர்களை ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். என் இலக்கத்தைப் பார்த்ததும் பெரும்பாலானோர் எடுக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பத்து மணிக்குச் செயலாளர் அழைத்தாள். காற்றுச் சத்தத்துக்குள் கத்தினாள்.

“போனை வைங்க அண்ணன்! இனி ஒருத்தருக்கும் அடிக்காதீங்க! தம்பி எழுவான்கரையால போறான், நான் படுவான்கரையால போறன்!”

“உன்ட வலை?”

“என்டது முகத்துவாரத்தடியில. இவனுகளுக்குச் சொல்லி முடிச்சு மறுகாத்தான் அங்கால வரணும்.”

“முதல்ல உன்டதைத் தூக்கு புள்ள.”

“நான் என்டதைத் தூக்கிட்டுப் போய்ச் சொன்னா ஆரு நம்புவான்? சங்கத்துக்காரி தன்டதை மட்டும் காப்பாத்தினாள் எண்டுதான் கதை வரும்.” தோணியில் இருந்த யாரோ ஏதோ சொன்னார்கள். “வெடி கொளுத்த ஒண்டும் நனையாமக் கிடக்கயில்ல அண்ணன். வாயால கத்தித்தான் போறம்.”

மாடியில் நின்றேன். பதினொன்றரைக்குப் பிறகு ஒடுக்கத்துக்குத் தோணிகள் வரத் தொடங்கின. ஒரு தோணியில் இருவர். ஒருவர் தோணியைப் பிடித்து நிற்க மற்றவர் நீருக்குள் இறங்கிக் கம்பைப் பிடுங்கினார். நீர்க்காகங்கள் அடுத்த கம்புக்கு மாறின. பன்னிரண்டரைக்குள் பாதிக் கம்புகள் இல்லை. ஒன்றரைக்கு அவளுடைய ஐந்து வலைகள் மட்டும் நின்றன. நான் கீழே போய் உத்தியோகத்தரிடம் இன்னும் அரை மணி நேரம் கேட்டேன். அவர் தன் போனைக் காட்டினார். மேலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்திருந்தது. வயலில் நெல் நீருக்குள் இருக்கிறது, கால் மணி நேரம் தருகிறேன் என்றார்.

ஒன்று ஐம்பதுக்கு அவளது தோணி வந்தது. தம்பியின் தோணி அதற்கு முன்பே வந்து ஒரு வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தது. தங்கள் வலைகளைத் தூக்கி முடித்த வேறு மூன்று தோணிகள் திரும்பி வந்து உதவிக்கு நின்றன. இரண்டு பதினைந்துக்குப் பெக்கோ கடைசி மண்ணை எடுத்தது. முதலில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் நீர் போனது. பத்து நிமிடத்தில் இரு பக்கமும் மணல் இடிந்து விழத் தொடங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. கோப்பை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அந்த வரியைக் காட்டி, இந்த இடத்தில் ஒன்று இருந்தது, இரண்டாக்கியவன் நான் என்றேன். தாள் கைமாறிப் போனது. இரண்டு தோணி அனுப்புவதுதானே முறை, அதிலென்ன பிழை என்று ஒருவர் கேட்டார். நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். பிறகு, “அப்ப படுவான்கரைக்கு ஆரு அடிச்சது?” என்று கேட்டார். மறுபடி விளக்கினேன். இரண்டாம் முறை சொன்னபோது எனக்கே அது முன்பைவிடக் குறைவாக விளங்கியது.

மூன்று தரமோ அதற்கு மேலோ அடித்தால் யாரும் எதையும் முடிவு செய்யாமல், பேப்பர் அண்ணனைக் கூப்பிட்டு நன்றாக ஏசிவிட்டுக் கேட்க வேண்டும் என்று செயலாளர் முன்மொழிந்தாள். கை தட்டினார்கள். கூட்டக் குறிப்பில் ஏசுவதை மட்டும் விட்டுவிட்டு எழுதினாள். கோப்பில் அந்த வரியில் இப்போது 1 என்று இருக்கிறது.

அன்று இரண்டு பதினைந்துக்குள் அவளுடைய நான்கு வலைகள் தோணிக்குள் இருந்தன. ஐந்தாவது, மூன்றாம் நாள் காலை நாவலடிக் கடற்கரையில், கம்பு ஒன்றோடு, மணலில் பாதி புதைந்து கிடந்தது.